கூரைமேல் டிஷ் இருக்கிறது, எர்த் இருக்கிறதா?

பிற்பகலில் வானம் இருண்டு இடி முழங்கத் தொடங்கினால், நம் வீடுகளில் முதலில் தெரிவது தொலைக்காட்சிப் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்பதுதான். மழை விட்டதும் படம் திரும்பி வந்துவிடும். அதனால் பெரும்பாலோர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் சில வீடுகளில் மழை விட்ட பிறகும் படம் வருவதில்லை. டிகோடர் கருகிப் போயிருக்கும்; அதோடு தொலைக்காட்சியும், சில சமயம் பக்கத்தில் இருந்த மோடமும் சேர்ந்து போயிருக்கும். வீட்டின்மேல் இடி விழவில்லையே, பிறகு எப்படி இவ்வளவு சேதம் என்று வீட்டார் குழம்புவார்கள்.

பல வீடுகளில் இதற்கான காரணம் கூரையிலிருந்து வரும் டிஷ் வயரிலும், அந்த வயருக்கு முறையான நிலத்தொடர்பு இல்லாததிலும் இருக்கிறது. நிலத்தொடர்பு என்பதைத்தான் நம் வழக்கில் எர்த் என்கிறோம். மின்சாரத்துக்கு எர்த் வேண்டும் என்பது நம்மவர்கள் பலருக்கும் தெரியும். டிஷ்ஷுக்கும் அது வேண்டும் என்பதும், அதைத் தவறாகப் போட்டால் போடாததைவிட ஆபத்தாகலாம் என்பதும் அவ்வளவாகத் தெரிவதில்லை.

டிஷ்ஷும் அதன் வயரும்

மலேசியாவில் ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு 1996-இல் தொடங்கியது. அதன்பின் தோட்ட லயங்களிலும் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளின் பால்கனிகளிலும் சிறிய டிஷ் சாதாரணக் காட்சியாகிவிட்டது. அது நோக்கும் மீசாட் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிற்கின்றன. கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் அந்த இடம் மேற்குத் திசையில், சற்றே தெற்கு சாய்ந்து, தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 77 பாகை உயரத்தில் வருகிறது. கிட்டத்தட்ட தலைக்கு மேலே என்றே சொல்லலாம். நம் ஊர் டிஷ்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் இருப்பதற்கு இதுவே காரணம். இதனால்தான் வானம் நன்றாகத் தெரியும் கூரை விளிம்பிலோ உயரமான சுவரிலோ அதைப் பொருத்துகிறார்கள்.

டிஷ்ஷின் கையில் இருக்கும் சிறிய பெட்டிதான் எல்என்பி. டிஷ் குவிக்கும் அலையை வாங்கி, வயரில் போகக்கூடிய அலைவரிசைக்கு மாற்றுவது அதன் வேலை. அதற்கு வேண்டிய மின்சாரம் டிகோடரிலிருந்து அதே வயர் வழியாக மேலே போகிறது. அது 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் நேர்மின்சாரம். ஆளைத் தாக்கும் அளவு அல்ல.

வயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதன்மேல் உலோகத் தாளும் பின்னிய கம்பி வலையும், கடைசியில் கறுப்பு அல்லது வெள்ளை உறை இருக்கும். கடையில் ஆர்ஜி6 என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள். அந்தக் கம்பி வலை வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைத் தடுக்கிறது. அதே நேரத்தில் அது டிஷ்ஷின் உலோக உடலையும் தொலைக்காட்சிக்குப் பின்னால் உள்ள டிகோடரின் உலோகப் பகுதியையும் நேரடியாக இணைக்கிறது. கூரையில் வெயிலிலும் இடியிலும் நிற்கும் இரும்புக்கும் குடும்பம் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்கும் இடையே ஓர் உலோகப் பாதை திறந்தே இருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

மின்னல் நேரே விழ வேண்டியதில்லை

உலகில் இடிமின்னல் அதிகமுள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்தில் ஆண்டில் ஏறக்குறைய 200 நாள்களில் இடி கேட்கிறது. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் மாதத்தை ஒட்டியும் பிற்பகல் இடிமழை இன்னும் கடுமையாகும்.

ஒரு மின்னலில் பாயும் மின்னோட்டம் ஏறக்குறைய 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அது டிஷ்ஷின்மேலேயே விழுந்தால் வீட்டில் போடும் எந்த எர்த் வயரும் கருவிகளைக் காப்பாற்றும் என்று உறுதி கூற முடியாது. இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல எர்த் அப்போதும் ஒன்றைச் செய்யும்: மின்னோட்டத்தின் பெரும்பகுதியை வீட்டுக்கு வெளியே மண்ணுக்குத் திருப்பி, தீப்பிடிக்கும் ஆபத்தையும் ஆளைத் தாக்கும் ஆபத்தையும் குறைக்கும்.

அப்படி நேரே விழுவது அபூர்வம். அடிக்கடி நடப்பது வேறு. நூறு மீட்டர் தள்ளியுள்ள தென்னையிலோ, செம்பனை மரத்திலோ, மின்கம்பத்திலோ மின்னல் இறங்கும்போது, அதைச் சுற்றி ஒரு நொடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் மிகப் பெரிய காந்தப் புலம் எழுந்து அடங்குகிறது. அந்தப் புலம் அருகிலுள்ள நீண்ட வயர்களில் எல்லாம் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். தொலைக்காட்சி இருக்கும் இடத்தில் இரண்டு நீண்ட வயர்கள் வந்து சேர்கின்றன. சுவர் பிளக்கிலிருந்து வருவது ஒன்று, கூரையிலிருந்து வருவது மற்றொன்று. இரண்டிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு அளவு மின்னழுத்தம் எழுந்தால், அந்த வேறுபாடு சமனாவதற்குக் கிடைக்கும் ஒரே பாதை டிகோடரும் தொலைக்காட்சியும்தான். கருவி கருகுவது அங்கேதான்.

ஆகவே டிஷ்ஷுக்கு எர்த் போடுவதன் நோக்கத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மின்னலைத் தடுப்பது அதன் வேலை அல்ல. டிஷ்ஷும், அதன் வயரும், வீட்டு மின் இணைப்பும் எப்போதும் ஒரே மின்னழுத்தத்தில் ஏறி இறங்கும்படி அவற்றைக் கட்டிவைப்பதே அதன் வேலை. படகும் பலகையும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால் அலை எவ்வளவு எழுந்தாலும் இரண்டும் சேர்ந்தே எழும், ஒன்றோடொன்று மோதாது.

இரண்டாவது எர்த் கம்பி ஏன் ஆபத்து?

எர்த் போட வேண்டும் என்று கேள்விப்பட்ட சிலர், டிஷ்ஷுக்குக் கீழே மண்ணில் புதிதாக ஒரு கம்பியை அடித்து, அதில் ஒரு வயரைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இங்கேதான் தவறு நடக்கிறது.

ஒவ்வொரு வீட்டிலும் மின்சாரத்துக்கென்று ஏற்கெனவே ஓர் எர்த் கம்பி இருக்க வேண்டும். வெளிச்சுவர் ஓரமாகச் சிறிய சிமெண்ட் தொட்டிக்குள் அதன் தலை தெரியும். செம்பு பூசிய இரும்புக் கம்பி அது. அங்கிருந்து பச்சை அல்லது பச்சை மஞ்சள் வயர் சுவிட்ச் பெட்டியிலுள்ள பிரதான எர்த் முனைக்குப் போகும். டிஷ்ஷுக்குத் தனிக் கம்பி அடித்தால், ஒரே வீட்டில் ஒன்றோடொன்று சேராத இரண்டு எர்த் ஆகிவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். புதிதாக அடித்த கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 10 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அருகில் விழுந்த மின்னலின் ஒரு சிறு பங்காக 1,000 ஆம்பியர் அந்தக் கம்பியில் இறங்கினால், கம்பியின் தலையில் 10,000 வோல்ட் எழும். அந்த நொடியில் டிஷ் வயர் முழுவதும் அதே உயரத்துக்கு ஏறும். வீட்டு மின்சாரத்தின் எர்த்தோ பழைய நிலையிலேயே இருக்கும். இந்த 10,000 வோல்ட் வேறுபாடு தொலைக்காட்சிக்குள் வந்து சந்திக்கிறது. எர்த் போட்டதாக நினைத்த வீட்டுக்காரர் உண்மையில் மின்னலுக்கு வீட்டுக்குள் வர ஒரு வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஆகவே விதி ஒன்றுதான். வீட்டுக்கு எத்தனை கம்பி அடித்தாலும் அவை எல்லாம் பிரதான எர்த் முனையோடு தடிமனான செம்பு வயரால் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். டிஷ்ஷுக்குத் தனி எர்த் என்று ஒன்று இருக்கக் கூடாது.

முறையான இணைப்பு எப்படி இருக்கும்?

டிஷ்ஷைத் தாங்கும் இரும்புக் குழாயிலிருந்து ஒரு செம்பு வயர் வீட்டின் பிரதான எர்த் முனைக்குப் போக வேண்டும். வீட்டு ஆண்டெனாக்களின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரவிதி ஐஇசி 60728-11. கூரையில் நிற்கும் ஆண்டெனாவின் இந்த வயருக்குக் குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வேண்டும் என்கிறது அது. மணி அடிக்கப் பயன்படும் மெல்லிய வயரோ, பழைய நீட்டிப்பு வயரை வெட்டி எடுத்த துண்டோ இதற்கு ஆகாது. வயர் கூடிய மட்டும் குட்டையாகவும் நேராகவும் இறங்க வேண்டும். மீந்த வயரை வளையமாகச் சுருட்டி வைத்தால், மின்னல் வேகத்தில் வரும் மின்னோட்டத்தை அந்த வளையம் தடுத்து நிறுத்தும்.

இரண்டாவது இணைப்பு டிஷ் வயரின் கம்பி வலைக்கு. வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், இரண்டு பக்கமும் வயரைத் திருகிச் சேர்க்கும் சிறிய உலோகத் துண்டு ஒன்றைப் பொருத்துவார்கள். அதில் எர்த் வயர் கட்ட ஒரு திருகாணி இருக்கும். அங்கிருந்து குறைந்தது 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் பிரதான எர்த் முனைக்குப் போக வேண்டும். டிஷ் வயரைச் சுவிட்ச் பெட்டி இருக்கும் பக்கமாக வீட்டுக்குள் நுழைய விட்டால் இந்த எர்த் வயர் குட்டையாகிவிடும். புதிதாகப் பொருத்துபவர்கள் இதை முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

அதே தரவிதி ஒரு விலக்கும் தருகிறது. டிஷ் கூரை விளிம்புக்கு 2 மீட்டருக்கு மேல் கீழேயும், அதன் எந்தப் பகுதியும் சுவரிலிருந்து 1.5 மீட்டருக்கு உட்பட்டும் இருந்தால், அதை எர்த் செய்வது கட்டாயமில்லை. சுவரும் கூரையும் அதற்கு மறைவாக இருப்பதே காரணம். அடுக்குமாடியின் நடுமாடிகளில் பால்கனிச் சுவரில் உள்ள டிஷ்கள் பெரும்பாலும் இதில் அடங்கும். கூரைமேல் நிற்கும் டிஷ்ஷுக்கு இந்த விலக்கு இல்லை. அடுக்குமாடியின் இடிதாங்கிப் பட்டையில் தங்கள் டிஷ்ஷைத் தாங்களே கட்டிவிடுவதும் கூடாது; அந்த வேலை கட்டட நிர்வாகத்தைச் சேர்ந்தது.

எவை எர்த் ஆகாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தகரக் கூரை எர்த் ஆகாது. தண்ணீர்க் குழாய் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் அதுவும் ஆகாது. எரிவாயுக் குழாயைத் தொடவே கூடாது. பிளக்கில் உள்ள நியூட்ரல் முனையில் கட்டுவது உயிருக்கே ஆபத்து.

மழைத்தண்ணீரும் ஒரு எதிரி

எர்த் சரியாக இருந்தும் வயர் வேலை மோசமாக இருந்தால் பயனில்லை. வயரின் முனையில் திருகும் எஃப் கனெக்டருக்குள் கம்பி வலையின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலே போதும். எல்என்பிக்குப் போகும் மின்சாரம் குறுக்கே பாய்ந்து படம் வராது. டிஷ் பக்கம் உள்ள கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கினால் கம்பி வலை பச்சை பிடித்து உளுத்துப் போகும். படம் மோசமாவதோடு எர்த் பாதையும் அங்கே அறுந்துபோகிறது.

இதைத் தடுக்கக் கனெக்டரின்மேல் தண்ணீர் புகாத நாடாவைச் சுற்ற வேண்டும். வயர் வீட்டுக்குள் நுழையும் துளைக்குச் சற்று முன்னால் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட வேண்டும். அப்போது வயரின்மேல் வழியும் மழைத்தண்ணீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், துளைக்குள் போகாது. எர்த் வயர் கட்டும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் தொடும்படி இறுக்க வேண்டும். பெயிண்டின்மேல் கட்டிய வயர் பார்வைக்கு மட்டும்தான்.

கூரைமேல் ஏறும் முன்

எர்த் இல்லாத டிஷ்ஷுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பல டிகோடர்களின் மின் அடாப்டரில் எர்த் முனை கிடையாது. அதற்குள் உள்ள சிறு மின்பாகம் வழியாக மிகக் குறைந்த மின்னோட்டம் டிஷ் வயரின் கம்பி வலைக்குக் கசிவது இயல்பு. தரையில் நின்று தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஈரக் கூரையில் நின்று டிஷ்ஷைத் திருப்புபவருக்கு அதே சுருக்கு போதும், திடுக்கிட்டுக் காலை வழுக்கிவிட. மின்சாரம் கொல்லாவிட்டாலும் விழுந்த அடி கொல்லும். முறையான எர்த் இருந்தால் இந்தக் கசிவு அமைதியாக மண்ணுக்குப் போய்விடும். தொட்டால் பலமாக அடிக்கிறது என்றால் அது இயல்பான கசிவு அல்ல, பழுது. உடனே மின்சாரத்தை நிறுத்தி வயர்மேனை அழைக்க வேண்டும்.

படம் போனதும் ஏணியை எடுத்துக்கொண்டு கூரை ஏறும் பழக்கம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. மழை ஓயாமல் ஏறக் கூடாது. ஏறுவதற்கு முன் டிகோடரின் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். பழைய லயங்களில் வீட்டுக்கு வரும் மின்கம்பி கூரைக்கு மிக அருகில் போகும்; அலுமினிய ஏணி அதில் பட்டால் தப்பிப்பது கடினம். உளுத்த பழைய கூரைத் தகடுகள் ஆள் பாரம் தாங்காமல் உடைந்துவிடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எந்த வேலை யாருடையது?

டிஷ் பொருத்த வருபவர் திசை பார்த்து, வயர் இழுத்து, படம் வரவைத்துவிட்டுப் போவார். சுவிட்ச் பெட்டியைத் திறந்து எர்த் முனையில் வயர் இணைப்பது மின்வேலை. அதை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியவை சில:

வீட்டு எர்த் கம்பி எங்கே இருக்கிறது, அதன் வயர் அறுந்திருக்கிறதா?

எர்த் தடையைக் கருவி வைத்து அளந்து பார்த்தால் எத்தனை ஓம் வருகிறது? பொதுவாக 10 ஓமுக்குள் இருப்பது நல்லது.

டிஷ்ஷிலிருந்து வரும் எர்த் வயர் பிரதான எர்த் முனையில் சேர்கிறதா, அல்லது தனியாக நிற்கிறதா?

சுவிட்ச் பெட்டியில் உள்ள மின்கசிவுத் துண்டிப்பான் வேலை செய்கிறதா? அதில் டெஸ்ட் என்ற பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்தி, மின்சாரம் அறுபடுகிறதா என்று வீட்டாரே பார்த்துக்கொள்ளலாம்.

கடைகளில் விற்கும் மின்னெழுச்சித் தடுப்பான்களைப் பற்றியும் ஒரு சொல். சுவிட்ச் பெட்டியில் பொருத்துவதும் உண்டு, டிஷ் வயரில் பொருத்துவதும் உண்டு. இரண்டும் அதிகப்படியான மின்னழுத்தத்தை எர்த் பக்கம் திருப்பிவிடுபவை. எர்த்தே இல்லாத வீட்டில் திருப்பிவிட இடமில்லை. வாங்கிய பணம் வீண்.

தோட்ட வீடுகளில் குடியிருப்போருக்கு ஒரு கூடுதல் செய்தி. பழைய லயங்கள் சிலவற்றில் எர்த் கம்பி துருப்பிடித்தோ வயர் அறுந்தோ கிடக்கலாம். தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446, தோட்ட முதலாளி தரும் வீட்டைப் பராமரிக்கும் பொறுப்பை முதலாளிமேல் வைக்கிறது. ஆகவே பழுதான வீட்டு எர்த்தைத் தொழிலாளி தன் கைக்காசில் சரிசெய்ய வேண்டியதில்லை. தோட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கலாம். பதில் கிடைக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவை அணுகலாம்.

இடி முழங்கும்போது

எவ்வளவு நல்ல எர்த் இருந்தாலும், வயரைக் கழற்றி வைப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. மின்சாரப் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது. டிகோடரின் பின்னால் திருகியிருக்கும் டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். பலர் முதலாவதைச் செய்து இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். வானம் இருளும்போதே இதைச் செய்துவிட வேண்டும். இடி தொடங்கிய பிறகு அந்த வயரைக் கையால் தொடவே கூடாது. அப்போது கருவி போனால் போகட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது.

எப்போது தொடங்கிவிட்டது என்று அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்க வேண்டும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது நம் பக்கத்தில் விழலாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகுதான் வயரைத் திரும்ப மாட்ட வேண்டும்.

இன்று பல குடும்பங்கள் இணையம் வழியாகவே படம் பார்க்கத் தொடங்கிவிட்டன. சந்தா நின்றுபோன டிஷ் மட்டும் கூரையில் துருப்பிடித்து நிற்கிறது. அதன் வயர் இன்னும் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. நாம் சந்தா கட்டுகிறோமா இல்லையா என்பது மின்னலுக்குத் தெரியாது. பயன்படாத டிஷ்ஷை வயரோடு சேர்த்து இறக்கிவிடுவதே முறை. பயன்படும் டிஷ் என்றால், அடுத்த முறை வயர்மேன் வேறு வேலைக்கு வீட்டுக்கு வரும்போதாவது வெளியே அழைத்துச் சென்று, அந்த எர்த் வயர் எங்கே போய் முடிகிறது என்று கேட்டுவிட வேண்டும். அது சுவிட்ச் பெட்டியின் பிரதான எர்த் முனையில் போய் முடிந்தால்தான் வேலை முழுமையாகிறது.